அடைக்கலமும் அறக்குற்றமும்: 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை முன்வைத்து

மாற்றாந் தந்தைக்கும் மகளுக்கும் இடையிலான உறவு பிறழும்போது குற்றம் யாரைச் சாரும் என்னும் வினா, பலமுறை பெண்ணின் நடத்தையிலிருந்தே தொடங்குகிறது. அத்தொடக்கமே பிழையானது என்பதை ஜெயகாந்தனின் இந்நாவல் வழி இக்கட்டுரை காட்ட முற்படுகிறது. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலில் வரும் வெங்கு, மாற்றாந் தந்தையல்லர், தாய்மாமன். எனினும், தந்தையின் இடத்தில் நின்று உறையுளும் கல்வியும் அளித்துவிட்டு, அதனையே உரிமையாக்கிக் கங்காவை அடைய முனைபவர் என்பதால் அறச்சிக்கல் ஒன்றே.

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலிருந்தும் சிறுநகரங்களிலிருந்தும் வரும் மாணவர்களோடு இந்நாவலைப் பயிலும்போது எழும் முதல் வினா, 'கங்கா ஏன் அந்த உறவை அறுத்துக்கொள்ளவில்லை?' என்பதாகும். இதற்கான விடை கதையமைப்பிலேயே உள்ளது. 1966-இல் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், தாய் மகளின் தலையில் நீரூற்றி அவளை ஏற்றுக்கொள்கிறாள். நாவலிலோ நிகழ்ந்தது ஊரறியப் பரவுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். ஆகவே, வெங்குவின் வீடு கங்கா தேர்ந்தெடுத்ததன்று. அவளுக்கு எஞ்சிய கூரை.

இவ்வுண்மை நம் தோட்ட வாழ்வுக்கு அந்நியமானதன்று. தோட்டத்து லயவீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனால் வீடும் போகும். கூரை எவருடைய வேலையைச் சார்ந்துள்ளதோ, அவரை எதிர்த்துப் பேசத் தாய்க்கும் மகளுக்கும் எளிதில் வாய் எழாது. அந்த மௌனத்தை இசைவெனக் கொள்வது அறமாகாது.

வெங்கு கங்காவைப் படிக்கவைத்தார் என்பது மெய். நன்றிக்கடனும் மெய். ஆனால் நன்றி வேறு, இசைவு வேறு. கொடுத்தவர் திருப்பிக் கேட்கத் தகாத ஒன்றைக் கேட்கும் கணத்தில் கொடை வணிகமாகிறது.

நாவலில் ஒரு குறையும் உண்டு. கங்காவைக் கெடுத்தவனைக் கண்டுபிடிக்குமாறு அறைகூவுபவர் வெங்குவே. அவளது தேடலும் அதிலிருந்தே பிறக்கிறது. முடிவில் குடிக்கு ஆளாகிச் சிதைபவள் அவளே. சமூகத்தின் மீதான குற்றச்சாட்டு இது எனலாம். ஆயினும் தண்டனை பாதிக்கப்பட்டவள் மீதே இறங்குகிறது.

மலேசியாவில் 2017-இல் இயற்றப்பட்ட, சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், நம்பிக்கைக்குரிய உறவில் இருப்பவர் குற்றமிழைத்தால் கூடுதல் தண்டனை விதிக்க வகைசெய்கிறது. திருமணத்தின் வழி உறவானவரும் அதில் அடங்குவர். சட்டம் முதலில் காப்பாளரை நோக்குகிறது. திறனாய்வும் 'அவள் ஏன் இருந்தாள்?' என்பதை விடுத்து, 'அவர் ஏன் கேட்டார்?' என்றே தொடங்குதல் வேண்டும்.