ஆட்சி மாறினால் மாவட்டமும் மறையுமோ?

மன்னன் மனங்குளிர்ந்தால் ஊர் மானியமாகும். முகஞ்சுளித்தால் மானியம் பறிபோகும். அந்தக் காலம் மாண்டொழிந்தது என்றன்றோ மேடைதோறும் முழங்கினோம்? அரியலூரின் கதை அதை ஏற்க மறுக்கிறது.

1995 இல் திருச்சி மாவட்டத்தினின்று பிரிந்தது பெரம்பலூர். அதினின்று 2001 சனவரி 1 அன்று அரியலூரைத் தனி மாவட்டமாக்கிற்று தி.மு.க. ஆட்சி. அவ்வாண்டு மே திங்களில் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, 2002 இல் அரியலூர் மீண்டும் பெரம்பலூருக்குள் அடக்கப்பட்டது. 2006 இல் மறுபடியும் தி.மு.க.; 2007 நவம்பர் 23 அன்று மாவட்டம் மறுபடியும் பிறந்தது!

இடையில் ஊர்கள் இடம்பெயர்ந்தனவா? மக்களின் தேவைதான் தேய்ந்து வளர்ந்ததா? மாறியது கோட்டையில் அமர்ந்தோரின் கொடி ஒன்றே. கலைக்கச் சிக்கனத்தையும் படைக்க வளர்ச்சியையும் காரணங்காட்டலாம். அக்காரணங்கள் தேர்தல் முடிவுக்குக் காத்திருந்து பிறப்பானேன்?

இடைப்பட்ட ஆண்டுகளில், ஆட்சித்தலைவரிடம் முறையிட விரும்பிய செயங்கொண்டத்து உழவருக்கு வழி, அரியலூரையும் தாண்டிப் பெரம்பலூர்! அவர் எக்கட்சிக்கு வாக்களித்தார் என்று பேருந்து நடத்துநர் கேட்பதில்லை. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே.

இரு கழகங்களும் பகுத்தறிவுப் பாசறையில் பயின்றவை, அதனாலேயே வினவுகிறோம். தொலைவு எவ்வளவு, மக்கள்தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற அளவுகோலைச் சட்டமன்றத்தில் வையுங்கள். அதைக் காட்டாமல் ஒரு மாவட்டத்தைப் படைப்பவரும் கலைப்பவரும் நம்மவரேயாயினும், காரணம் கேட்டு வீதிக்கு வருவோம்.