கைம்மாறு கருதாத மருத்துவம்

ஒரு கிறிஸ்தவன் தான் வாழும் சமுதாயத்தில் செல்வாக்குப் பெறுவது எதனால்? அவன் கையிலிருக்கும் அதிகாரத்தாலா, அன்பினாலா? தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் ஒரு நாவலும், அதைத் தழுவி எடுக்கப்பட்ட திரைப்படமும் இவ்வினாவிற்கு நேர் எதிரான இரு விடைகளைத் தருகின்றன. சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களின் நடுவே வாழும் நாம் இவ்விரு விடைகளையும் சீர்தூக்கிப் பார்ப்பது பயன் தரும்.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ‘ரெட் டீ’. 1969-இல் வெளிவந்த இந்நூலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட சிற்றூர் ஒன்றிலிருந்து, மேஸ்திரியின் முன்பணத்தையும் இன்சொல்லையும் நம்பி மலையேறுகிறார்கள் கருப்பனும் வள்ளியும். உழைக்க உழைக்கக் கடன் வளர்கிறது. காய்ச்சல் உயிர்களை வாரிச் செல்கிறது. பெயரளவில் ஒரு மருந்தகம் இருக்கிறது. ஆனால் தொழிலாளியை மனிதனாக மதிப்பார் எவருமில்லை. இந்நிலையில்தான் ஆபிரகாம் என்னும் மருத்துவர் வந்து சேர்கிறார். நோயாளியை நோயாளியாகவே பார்க்கிறார். அவனது கடவுள் யார் என்று அவர் கேட்பதில்லை.

2013-இல் வெளிவந்த பாலாவின் ‘பரதேசி’ இந்நாவலின் தாக்கத்தில் உருவானது. கொத்தடிமைகளின் துயரைக் காட்டுவதில் அப்படத்திற்கு இருக்கும் வன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மருத்துவர் பாத்திரம் அங்கே முற்றிலும் வேறாகிவிட்டது. கொள்ளைநோய்க்கு மருந்து தர வந்தவர் மருந்தோடு மதத்தையும் வழங்குகிறார். ஆடிப்பாடி ஆள் சேர்க்கிறார். நாவலில் அன்பாக இருந்தது திரையில் வாணிகமாகிவிட்டது.

இதைக் கண்டு நம்மவர் பலர் மனம் புண்பட்டது இயல்பே. மூலநூலுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற அளவில் நமக்கும் வருத்தமுண்டு. ஆனால் புண்பட்டதோடு நின்றுவிடுதல் திறனாய்வாகாது. இத்தகைய சித்திரத்தை மக்கள் ஏன் எளிதில் நம்புகிறார்கள்? உதவி என்னும் பெயரில் உள்ளங்களை விலை பேசும் போக்கு கிறிஸ்தவ வரலாற்றில் எங்குமே இருந்ததில்லை என்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா?

ஆண்டவர் பத்துத் தொழுநோயாளரைக் குணப்படுத்தினார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்கள் பெற்ற நலத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. கைம்மாறு கிடைக்காதபோதும் அந்த உதவி முழுமையாகவே இருந்தது. அன்புக்கும் ஆதிக்கத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரம் பற்றி வெளியிட்ட அறிக்கையும், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் அன்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலும் இதே நெறியையே வலியுறுத்துகின்றன. அன்புப் பணி பிறரை நம் பக்கம் இழுப்பதற்கான கருவியன்று.

நாவலைப் பற்றியும் ஒரு கருத்துண்டு. நல்லவர் ஒருவர் வந்தால் எல்லாம் சீராகிவிடும் என்ற எண்ணத்தைப் படிப்பவர் பெறக்கூடும். தோட்டத்து மருத்துவரும் முதலாளியிடம் ஊதியம் பெறுபவரே; அவரது ஈரமும் நிர்வாகத்தின் வேலிக்குள் அடங்கியதே. இதை டேனியல் தம் வாழ்வில் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே அவர் மருந்தோடு நிற்காமல், தோட்டங்களில் தொழிற்சங்கம் அமைக்கவும் உழைத்தார். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கருணையிலிருந்து மீட்டுத் தொழிலாளியின் உரிமையாக்கியது. உண்மையான அன்பு பிறரைத் தன்னைச் சார்ந்தே இருக்க விடாது. அவர்கள் தம் காலில் நிற்பதையே விரும்பும்.

இவ்வளவுகோலை நம் மலைக்கும் பொருத்திப் பார்ப்போம். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காலத்தில் இங்கே காப்பி வேரூன்றியது. 1894-இல் திரு இருதயப் பள்ளியும் 1917-இல் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் எழுந்தன. பிற சமயத்தார் பலர் கிறிஸ்தவப் பள்ளிகளில் பயின்று, தத்தம் சமயத்திலேயே நிலைத்து, நம்மை நன்றியோடு நினைக்கிறார்கள். இச்செல்வாக்கு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. ஏற வேண்டியதும் இல்லை.

ஆயினும் இம்மலையின் முதல் மக்கள் மலையாளிப் பழங்குடியினர். ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேல் உயர்ந்த சிகரத்தில், ஆண்டுதோறும் மே மாதத்தில் அவர்கள் சேர்வராயனுக்கு விழா எடுக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் பிணியுற்றால், நாம் கொண்டுசெல்லும் உதவி அவர் என்றும் நம் ஆலயத்திற்கு வரமாட்டார் என்று அறிந்த பின்னும் குறையாமல் இருக்குமா? லயன் வீட்டுப் பிள்ளை படிக்க வழிதேடும்போது, அதனால் நம் பங்கிற்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கு நம் உள்ளத்தில் எழுகிறதா, இல்லையா?

திரைப்படம் நம்மைத் தவறாகக் காட்டியது என்று எழுதிக் குவிப்பதால் அச்சித்திரம் அழிந்துவிடாது. நாவலில் வரும் ஆபிரகாமைப் போன்றோர் நம் பங்குகளில் பெருக வேண்டும். அன்புடைய வாசகர்கள் ‘எரியும் பனிக்காட்டை’ ஒருமுறை படித்துவிட்டு, அன்பியக் கூட்டங்களில் இது குறித்துப் பேசுவார்களாக.