மண்ணும் சமன்பாடும்: ஊடுவடிதற் கோட்பாடுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

மழைநீர் மண்ணினுள் எவ்வாறு புகுகின்றது என்ற வினா எளியதாகவே தோன்றும். ஆயினும் வெள்ளம், பாசனம், மண்ணரிப்பு, கிணற்று நீரின் தூய்மை ஆகிய யாவும் அதற்கு அளிக்கப்படும் விடையிலே தங்கியுள்ளன. எனவே, ஊடுவடிதல் பற்றிக் கணிதம் தந்துள்ள விடைகளை மதிப்பிடுதல் கணிதவியலாளருக்கு மட்டுமே உரிய பணியன்று.

பிரெஞ்சுப் பொறியியலாளரான டார்சி 1856 இல் வெளியிட்ட மணற் பரிசோதனை முடிவுகளே இத்துறைக்கு அடித்தளமாயின. 1911 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறீன், அம்ப்ற் ஆகிய இருவரும் முதலாவது சிறந்த மாதிரியுருவை வகுத்தனர். மேலே முற்றாக நனைந்த மண், கீழே நனையாத மண், இரண்டுக்குமிடையே கீழ்நோக்கி நகரும் கூரியதோர் எல்லை என்பதே அவர்தம் கற்பனை. எல்லை ஆழமற்றிருக்கையில் கீழ்மண்ணின் உறிஞ்சல் வலிமையுடன் இழுக்கும். எல்லை கீழிறங்க அவ்விழுவை நீண்ட தூரத்திற் பரந்து தளரும். மழையின் தொடக்கத்தில் வேகமாகப் புகும் நீர் பின்னர் தாமதிப்பதன் காரணத்தை இத்துணைச் சுருக்கமாக விளக்கியமை அவர்தம் சாதனையாகும். 1931 இல் றிச்சாட்ஸ் டார்சியின் விதியையும் திணிவுக் காப்பையும் இணைத்துப் பொதுச் சமன்பாடொன்றை அமைத்தார். 1957 இல் பிலிப் அதற்குத் தொடர்வடிவிலான தீர்வொன்றை அளித்தார்.

இவை யாவற்றுக்கும் பொதுவான எடுகோள் ஒன்றுண்டு: மண் ஒருசீரான நுண்துளை ஊடகம் என்பதே அது. வயல்மண்ணோ மண்புழுவின் வளைகளும், அழுகிய வேர்களின் தடங்களும், வரட்சியில் தோன்றும் வெடிப்புகளும் நிறைந்தது. நீரின் ஒரு பகுதி மண்ணை நனையாது இவ்வழிகளால் விரைந்து இறங்குதலை இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வாளர்கள் 1882 இலேயே குறித்துள்ளனர். ஆயினும், பெவன், ஜெர்மான் ஆகியோர் 1982 இல் எழுதிய கட்டுரையின் பின்னரே இவ்வுண்மை பரந்த கவனத்தைப் பெற்றது. கண்முன் கிடந்த சான்று நூறாண்டு புறக்கணிக்கப்பட்டமைக்குச் சமன்பாட்டின் கவர்ச்சியும் ஒரு காரணம் எனலாம்.

ஹோட்டனுக்கு நேர்ந்தது இதனினும் படிப்பினை மிக்கது. ஊடுவடிதல் வீதம் காலத்தோடு அடுக்குக்குறி முறையிற் குறையும் என்ற அவரது சூத்திரத்தைப் பாடநூல்கள் தொடர்ந்து எடுத்தாண்டன. ஆனால், அவ்வீழ்ச்சிக்கு அவர் கூறிய காரணங்கள் மேற்பரப்பைச் சார்ந்தவை: மழைத்துளியின் தாக்கம், களியின் வீக்கம், நுண்துகள்கள் துவாரங்களை அடைத்தல் என்பன. புழுபூச்சிகளின் பங்கையும் அவர் அறிந்திருந்தார். சூத்திரம் நிலைத்தது, அதனைப் பிறப்பித்த அவதானிப்பு மறக்கப்பட்டது. 2004 இல் பெவன் ஹோட்டனை மீள வாசித்து இதனை உணர்த்தினார்.

மாதிரியுரு கண்ட அளவுகளோடு பொருந்துகின்றதே, அது போதாதா என வினவுவோர் உளர். மாறிலிகளைத் திருத்தியமைத்தால் புகுந்த நீரின் மொத்த அளவு பொருந்தலாம். நீர் சென்ற வழி பிழையாகவே இருக்கலாம். பாசன அளவைக் கணிப்போருக்கு மொத்தம் போதுமானது. ஆயின், நீரோடு பசளையும் நஞ்சும் செல்லும்போது வழியே முதன்மையானது. மண்ணில் மெதுவாகப் பொசிந்து வடிகட்டப்படும் எனக் கணிக்கப்பட்ட மாசு, வெடிப்பின் வழியே விரைந்து நிலத்தடி நீரை அடையலாம். மெல்லிய மண்படையின் கீழ் வெடிப்புகள் மலிந்த சுண்ணக்கல்லைக் கொண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆங்கு இவ்வேறுபாடு ஏட்டுச் சர்ச்சையன்று, குடிநீர் பற்றியது.

ஆதலின், சமன்பாடுகளைக் கைவிடல் வேண்டும் என்பது முடிவாகாது. அவையின்றி அளவிடவோ ஒப்பிடவோ இயலாது. ஒவ்வொரு சமன்பாடும் எத்தகைய மண்ணைக் கற்பித்துக்கொண்டு பிறந்தது என்பதை அறிந்து, எதிரேயுள்ள நிலம் அத்தகையதா என வினவிய பின்னரே அதனைக் கையாளுதல் வேண்டும். அவ்வினாவை மறந்து கற்பிக்கப்படும் சூத்திரம், எத்துணை நுட்பமாயினும், மாணவனை மண்ணிலிருந்து பிரித்துவிடும்.