மனந்திரும்புதலும் மறுவாய்ப்பும்: தமிழ்க் கிறித்தவச் சொல்வழக்கு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பாவத்தை உணர்ந்து மீளுதலைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர் கையாண்டுவரும் சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் மீட்சியை வெவ்வேறிடத்தில் நிறுத்துகிறது. அவற்றுள் மறுவாய்ப்புக்கு இடமளிக்கும் சொல் எது என்பதை லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மனந்திரும்புதல், மனஸ்தாபம், மனமாற்றம், ஒப்புரவு, விவிலிய மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழில் அச்சேறிய தொடக்ககால நூல்களுள் ஒன்று பாவ அறிக்கை பற்றியது. என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் ‘கொம்பெசியோனாயரு’ 1580இல் கொச்சியில் அச்சானது. தவறியவன் எவ்வாறு மீள்வது என்னும் வினா, தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது என்பதற்கு இந்நூல் சான்று. அதற்குப் பின்னர் அவ்வினாவுக்குரிய கலைச்சொற்கள் பலவாகப் பெருகின. அவற்றின் வரலாறு பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு அவற்றின் பொருள் வேறுபாடு பற்றிப் பேசப்படவில்லை எனலாம்.

சொற்கள் சுட்டும் இடம்

கத்தோலிக்க மரபில் நெடுங்காலம் வழங்கியவை ‘மனஸ்தாபம்’, ‘பாவசங்கீர்த்தனம்’ ஆகியன. முன்னது மனத்தின் வேக்காட்டையும், பின்னது வாயால் அறிக்கையிடுதலையும் சுட்டும். இன்றைய பொதுவழக்கில் ‘மனஸ்தாபம்’ என்பது உறவினரிடையே நேரும் கசப்பைக் குறிப்பதாயிற்று. இதனால், செபத்தில் அச்சொல்லைக் கேட்கும் இளையோர் வேறொரு பொருளை உணர நேர்கிறது. ‘பச்சாத்தாபம்’ என்பதும் ‘பின்னர் எழும் வேக்காடு’ என்றே பொருள்படும். இவ்விரு ‘தாப’ச் சொற்களும் தவறியவனின் உள்ளத்துக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

சீர்திருத்தச் சபைகளின் விவிலியம் ‘மனந்திரும்புதல்’ என்பதை நிலைபெறச் செய்தது. கிரேக்க ‘மெட்டனோயா’ மனத்தின் மாற்றத்தைச் சொல்ல, எபிரேய ‘சூப்’ திரும்பி வருதலைச் சொல்லும். தமிழ்த் தொகைச்சொல் இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்கிறது. ‘திரும்புதல்’ என்பதற்குத் திசைமாறுதல் என்றும் புறப்பட்ட இடத்துக்கே மீளுதல் என்றும் பொருளுண்டு. திரும்புவதற்கு ஓர் இடம் வேண்டும் என்னும் குறிப்பும் அச்சொல்லினுள் அடங்கியுள்ளது.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு ‘மனம் மாறுதல்’ என்னும் எளிய தொடரைத் தேர்ந்தது. கிரேக்கச் சொல்லுக்கு இது நெருக்கமானது. ஆயினும், மாற்றம் என்பது ஒருமுறை நிகழ்ந்து முடிவதாகவும் தோன்றலாம். மீளுதல் என்னும் பொருள் அதில் இல்லை. விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக அமைய வேண்டும் என்பது 1517இல் லூத்தர் முன்வைத்த 95 கருத்துரைகளுள் முதலாவது. திருமுழுக்குக்குப் பின் ஒரே ஒருமுறைதான் மனந்திரும்ப இயலும் என இரண்டாம் நூற்றாண்டின் ‘எர்மாவின் மேய்ப்பர்’ கருதியதோடு இதனை ஒப்பிட்டால், மறுவாய்ப்பின் எல்லை பற்றித் திருச்சபை கடந்துவந்த தொலைவு விளங்கும்.

உவமையின் சான்று

லூக்கா 15இல் காணாமற்போன ஆடு, காசு ஆகிய உவமைகளின் முடிவில் மனந்திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வருகிறது. மூன்றாவதாகிய இளைய மகன் உவமையில் அது வரவில்லை. அங்கு மகன் எழுகிறான், வருகிறான். கருத்துச்சொல் நின்ற இடத்தில் வினைச்சொற்கள் நிற்கின்றன. மீட்சி ஒரு பயணமாகவே எடுத்துரைக்கப்படுகிறது. அவ்வகையில் ‘திரும்புதல்’ என்னும் தமிழ்ச்சொல், மூலத்தில் அச்சொல் வாராத இடத்திலும் உவமையின் இயக்கத்துக்குப் பொருந்துகிறது. ‘கெட்ட குமாரன்’ என்று வழங்கும் தலைப்போ மகனை அவன் வீழ்ச்சியோடு பிணைத்து, அவன் திரும்பியதை மறைத்துவிடுகிறது.

மகன் ஒத்திகை பார்த்த உரையில், தன்னைக் கூலியாட்களுள் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்கும் கூற்று உண்டு. தந்தையின்முன் பேசும்போது, கிரேக்கப் பதிப்புகள் பெரிதும் ஏற்கும் பாடத்தில் அக்கூற்று இடம்பெறவில்லை. தந்தை குறுக்கிட்டு அங்கி, மோதிரம், மிதியடி ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். மகன் கேட்க எண்ணியது தாழ்ந்த நிபந்தனையில் ஒரு வேலை. அவன் பெற்றதோ மகன் என்னும் பழைய நிலை.

ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதியைச் சேர்ந்த மண்ணூர் போன்ற ஊரில் இவ்வேறுபாட்டுக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. ஒரே பணியைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் நிரந்தரத் தொழிலாளருக்கும் இடையே ஊதியத்திலும் பணிப்பாதுகாப்பிலும் உள்ள தொலைவை அங்குள்ளோர் அன்றாடம் காண்கின்றனர். சபைகள் தவறியவரை மீண்டும் ஏற்கும்போது எந்நிலையில் ஏற்கின்றன என்னும் வினாவை அச்சூழல் கூர்மையாக்குகிறது. உள்ளே வர இசைந்தும், அவர்மீதுள்ள ஐயத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டிப்பது, உவமையில் தந்தை மறுத்த கூலிநிலையை மகனுக்குத் தருவதற்கு ஒப்பாகும்.

இரு வரம்புகள்

மறுவாய்ப்பை இவ்வாறு அழுத்துவது, தீங்குற்றவரின் இழப்பை மறக்கச் செய்யும் என்னும் தடை நியாயமானது. லூக்கா 19இல் சக்கேயு தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காக உரியவர்க்கும் தருவதாகக் கூறுவது இத்தடைக்கு விடை. ஈடுசெய்தலை விலக்கிய திரும்புதல் முழுமையுறாது.

மற்றொரு வரம்பு ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல்லிலேயே உள்ளது. அது திரும்புபவனை மட்டுமே சுட்டுகிறது, ஏற்பவரைச் சுட்டவில்லை. இக்குறையை ‘ஒப்புரவு’ நிரப்புகிறது. திருக்குறளின் 22ஆம் அதிகாரப் பெயரில் உலகியலோடு ஒத்து உதவி வாழ்தலைக் குறிக்கும் இச்சொல், விவிலியத் தமிழில் பகைநீங்கி இணைதலைக் குறித்தது. பின்னர்க் கத்தோலிக்கரின் அருட்சாதனப் பெயராகவும் ஆயிற்று. இச்சொல்லின் பொருள் நிறைவேற இருதரப்பும் இசைய வேண்டும்.

முடிவுரை

தாபம் உள்ளத்திலும், சங்கீர்த்தனம் நாவிலும், மாற்றம் எண்ணத்திலும், திரும்புதல் வழியிலும், ஒப்புரவு உறவிலும் மீட்சியை வைக்கின்றன. இவற்றுள் பின்னிரண்டும் இணைந்தே மறுவாய்ப்பை முழுமையாக உணர்த்துகின்றன. மூத்த மகன் வீட்டினுள் நுழைந்தானா என்பதைச் சொல்லாமலே லூக்கா உவமையை முடிக்கிறார். தந்தை ஏற்றுக்கொண்ட பின்னரும், தம்பியோடு ஒரே வீட்டில் வாழ அண்ணன் இசைவானா என்பது விடையின்றி நிற்கிறது. ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல் மட்டும் அதற்கு விடை தராது.