எழுத்தோட்டமும் அச்சச் சுவையும் – திகிற்படங்களின் தொடக்கம் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படம் பற்றித் தமிழில் எழுதப்படும் விமரிசனங்களுட் பெரும்பாலானவை கதையிலிருந்தே தொடங்குகின்றன. திரைப்படமோ கதையிலிருந்து தொடங்குவதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம், படத்தின் பெயர், நடிகர் முதலாகத் தொழில்நுட்பக் கலைஞர் ஈறாக உள்ளோரின் பெயர்கள் என்பன தோன்றி மறைந்த பின்னரே பெரும்பாலும் கதை தொடங்குகின்றது. இப்பகுதியை எம்மவர் 'எழுத்தோட்டம்' என வழங்குவர். 'இன்னும் எழுத்துத்தான் ஓடுகிறது' என்று கூறுமிடத்து, 'அவசரப்பட வேண்டாம், படம் தொடங்கவில்லை' என்பதே பொருள். எழுத்து ஓடும் நேரம் படத்துக்குப் புறம்பான நேரம் என்ற மதிப்பீடு இவ்வழக்கினுள் அடங்கிக் கிடக்கின்றது. திகிற்படங்களைப் பொறுத்தவரை இம்மதிப்பீடு பொருந்தாது என்பதையும், அச்சத்தை ஏற்கும் மனநிலை எழுத்தோட்டத்திலேயே உருவாக்கப்படுகின்றது என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தியை நோக்குவோம். மேனாட்டுத் திரையரங்குகளிலும் எழுத்தோட்டம் நெடுங்காலம் மதிக்கப்படாத ஒன்றாகவே இருந்தது. பெயர்கள் ஓடும்போது திரையை மூடியிருந்த சீலையை விலக்காமலே விட்டுவைக்கும் வழக்கமும் அங்கு இருந்தது. 1955 இல் ஒட்டோ பிறெமிஞ்சர் நெறிப்படுத்திய 'பொற்கை மனிதன்' என்னும் படத்துக்குச் சோல் பாஸ் என்ற வரைகலைஞர் அமைத்த தலைப்புக் காட்சி இந்நிலையை மாற்றியது. கருந்திரையில் வெண்கோடுகள் நகர்ந்து, ஈற்றில் முறுக்குண்ட ஒரு கையின் வடிவம் தோன்றும். போதைக்கு அடிமையானவனின் கதை அந்தக் கையிலேயே தொடங்கிவிடுகின்றது. எழுத்தோட்டத்துக்கு முன்னரே சீலையை விலக்குமாறு அரங்குகளின் படமோட்டிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது என்பர்.

சீலை விலகுவதற்கு முன்னுள்ள நேரத்தைக் கலைக்குரிய நேரமாக ஆக்கும் நுட்பம் எமக்குப் புதியதன்று. ஈழத்துக் கூத்து மரபிலே, இருவர் பிடித்து நிற்கும் வெள்ளைத் துணியின் பின்னே பாத்திரம் மறைந்து நிற்க, அண்ணாவியாரும் பக்கப்பாட்டுக்காரரும் வரவுப் பாட்டைப் பாட, மத்தளம் முழங்க, அதன் பின்னரே துணி விலகும். வருபவர் யார், எத்தகையவர் என்பதைப் பாட்டு முன்கூட்டியே அறிவித்துவிடும்; உருவம் மாத்திரமே மறைந்திருக்கும். அறிவித்தும் மறைத்தும் நிற்கின்ற இவ்விடைநிலையே எதிர்பார்ப்பின் பிறப்பிடம். சோல் பாஸின் சாதனையை இக்கண்கொண்டு நோக்கின் அது எமக்கு அந்நியமாகத் தோன்றாது.

இங்கு ஒரு கருத்து மயக்கத்தைக் களைதல் அவசியம். திகில் என்பது மறைத்து வைப்பதனாலேயே பிறக்கின்றது எனப் பலர் கருதுவர். அல்பிரட் ஹிச்கொக் இக்கருத்தை மறுத்தவர். மேசையின் கீழுள்ள வெடிகுண்டைப் பார்வையாளர் அறியாதிருக்க அது வெடித்தால் கிடைப்பது சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதையும் அது வெடிக்கும் நேரத்தையும் அவர்கள் அறிந்திருக்க, மேசையைச் சுற்றி இருப்போர் ஏதுமறியாது உரையாடிக்கொண்டிருந்தால் கிடைப்பது பல நிமிடப் பதற்றம். பிரான்சுவா துரூபோவுடன் நிகழ்த்திய நேர்காணலில் அவர் விளக்கிய வேறுபாடு இதுவே. முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தைப் பார்ப்போருள் கோவலன் கொலையுண்பான் என்பதை அறியாதார் எவருமிலர். வற்றாப்பளைக் கண்ணகையம்மன் பொங்கலுக்குச் செல்லும் சிறுவரும் அக்கதையை அறிவர். சிலப்பதிகாரத்தின் பதிகம் கதை முழுவதையும் முன்னரே சொல்லிவிடுகின்றது. கண்ணகி கண்ட தீக்கனவோ வரப்போகும் கேட்டை நிழலாகக் காட்டுகின்றது. முடிவை அறிந்தமையால் எவரும் கூத்தை விட்டு எழுந்து போவதில்லை. அறிந்திருப்பதனாலேயே சிலம்பு விற்கப் புறப்படும் ஒவ்வோர் அடியும் நெஞ்சிற் பாரமாகின்றது. எனவே ஒரு நல்ல தலைப்புக் காட்சி வரப்போவதன் சாயலை முன்வைத்து, அது வரும் வழியை மாத்திரம் மறைக்கின்றது எனலாம்.

இனி, இது எவ்வாறு செயற்படுகின்றது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளாற் காண்போம்.

ஹிச்கொக்கின் 'சைக்கோ' (1960) படத்துக்கும் சோல் பாஸே தலைப்புக் காட்சியை அமைத்தார். கிடையாகவும் நிலைக்குத்தாகவும் கோடுகள் திரையைக் குறுக்கறுத்து ஓடுகின்றன. பெயர்கள் துண்டுகளாகத் தோன்றி, பொருந்தி, மீண்டும் பிளவுண்டு சிதறுகின்றன. பேர்னாட் ஹேர்மன் நரம்பு வாத்தியங்களை மாத்திரமே கொண்டு இசையமைத்துள்ளார். பிளவுண்ட மனம், வெட்டும் கத்தி ஆகிய இரண்டையும் ஓர் உருவமும் காட்டாமலே இக்கோடுகள் உணர்த்திவிடுகின்றன. நடிகர் பெயர்களின் ஈற்றில் ஜனற் லீயின் பெயர் பாத்திரப் பெயருடன் தனித்துக் காட்டப்படுகின்றது. இவரே நாயகி எனப் பார்வையாளர் நம்பிக்கொள்கின்றனர். அந்நாயகி படத்தின் நடுப்பகுதியை எட்டுமுன்னரே கொல்லப்படும்போது, எழுத்தோட்டம் எமக்களித்த உறுதியே குலைந்துபோகின்றது.

எழுத்தோட்டம் முடிந்ததும் ஊரின் பெயர், நாள், பிற்பகல் இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிடம் என்ற நேரம் ஆகியன திரையில் எழுதப்படுகின்றன. பின்னர் ஒளிப்படக் கருவி பாதி மூடிய சாளரமொன்றின் மறைப்புக்குக் கீழாக அறையினுள் நுழைகின்றது. சற்று முன்னர் ஓடிய கோடுகள் இப்போது சாளர மறைப்பின் சட்டங்களாக மாறியுள்ளன என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஊரும் நேரமும் இத்துணைத் துல்லியமாகத் தரப்படுமிடத்து, இச்சாதாரண நகரில் இச்சாதாரண நேரத்தில் ஏதோ நிகழவுள்ளது என்ற உணர்வு தானாகவே எழுகின்றது. முதற்பொருளே திகிலுக்குரிய கருவியாகிவிடுகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுவர்: தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், அரசன் என்பன அவை. இந்நான்கும் மனிதனுக்குப் புறத்தேயிருந்து வருபவை. நவீன திகிற்படமோ அயலானையும், சில வேளைகளில் தன்னையுமே அச்சத்தின் களனாக்குகின்றது. 'வேர்ட்டிகோ' (1958) படத்தின் தலைப்புக் காட்சி இதற்குத் தக்க சான்று. பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகம், பின்னர் உதடுகள், பின்னர் ஒரு கண். அக்கண் செந்நிறமடைய, அதன் மணியினுள்ளிருந்து சுழல்வடிவங்கள் எழுகின்றன. அப்பெண் கதையில் எங்கும் வருவதில்லை. அச்சம் வெளியிலிருந்து வரவில்லை, நோக்குபவனின் கண்ணுள்ளேயே சுழல்கின்றது என்பதே அக்காட்சி உணர்த்துவது. டேவிட் பிஞ்சரின் 'செவன்' (1995) இன்னுமொரு படி முன்னே செல்கின்றது. கைல் கூப்பர் அமைத்த அதன் எழுத்தோட்டத்தில், கொலைகாரன் தன் குறிப்பேடுகளைத் தைப்பதையும் விரல்நுனித் தோலைச் சீவுவதையும் காண்கிறோம். பெயர்கள் கையாற் கீறப்பட்டவை போல நடுங்குகின்றன. கொலைகாரனை நாம் படத்தின் பிற்பகுதியிலேயே சந்திக்கிறோம். அவனது கைகளை அதற்கு நெடுநேரத்துக்கு முன்னரே அறிந்துவிடுகிறோம்.

எழுத்து திகிலுக்கு இடையூறாக அமைவதும் உண்டு. ஓர்சன் வெல்ஸின் 'டச் ஒவ் ஈவில்' (1958) ஒரு காரின் பின்பெட்டியில் வெடிகுண்டு வைக்கப்படுவதுடன் தொடங்குகின்றது. எல்லை நகரொன்றின் தெருக்களில் அக்கார் ஊர்ந்து செல்வதை வெட்டின்றி மூன்று நிமிடங்களுக்கு மேலாகக் கருவி தொடர்கின்றது. தயாரிப்பு நிறுவனம் அக்காட்சியின் மேலேயே பெயர்களையும் ஹென்றி மன்சினியின் இசையையும் ஏற்றிவிட்டது. வெல்ஸ் எழுதிய நீண்ட குறிப்பைத் துணைக்கொண்டு 1998 இல் மீளத் தொகுக்கப்பட்டபோது பெயர்கள் நீக்கப்பட்டன; தெருவின் இயல்பான ஒலிகள் இடம்பெற்றன. இரண்டையும் பார்ப்போர் ஓருண்மையை உணர்வர்: எழுத்தை வாசிக்கும் கண் காரைத் தவறவிடுகின்றது. எழுத்து காட்சியின் ஓர் உறுப்பாகாவிடின், அது காட்சியை மறைக்கும் திரையாகிவிடுகின்றது.

தமிழ்த் திரைப்படத்தின் நிலை யாது? இங்கு எழுத்தோட்டம் பெரும்பாலும் அறிவித்தற் பலகையாகவே இருந்து வந்துள்ளது. தெய்வப் படம், நிறுவனச் சின்னம், நன்றி நவிலல், நட்சத்திரப் பெயர்களின் வரிசை என்பனவே அதன் உறுப்புகள். நட்சத்திர ஆதிக்கம் வளர்ந்தபோது எழுத்தோட்டம் நடிகரின் வரவுப் பாட்டாக மாறியது. 'அண்ணாமலை' (1992) படத்தில் 'சூப்பர் ஸ்டார்' என்னும் பட்டம் ஒளிப்புள்ளிகளாற் தோன்றிய முறை பின்னர் ஒரு சடங்காகவே நிலைபெற்றது. அதுவும் ஓர் எதிர்பார்ப்பே. ஆயினும் விடை முன்னரே உறுதிசெய்யப்பட்ட எதிர்பார்ப்பு. இவருக்கு எதுவும் நேராது என்ற உறுதியை அது வழங்குகின்றது. எவருக்கும் எதுவும் நேரலாம் என்பதே திகிற்படத்தின் அடிப்படை. ஆகவே நட்சத்திர எழுத்தோட்டமும் திகிலும் ஒன்றுக்கொன்று பகையானவை.

இப்பகையை மிக முன்னரே உணர்ந்தவர் வீணை எஸ். பாலசந்தர். ஏ.வி.எம். தயாரிப்பில் அவர் நெறிப்படுத்திய 'அந்த நாள்' (1954) பாடலோ நடனமோ இல்லாத படம். 1943 ஒக்ரோபரில் யப்பானியக் குண்டுவீச்சுக்கு உள்ளான சென்னையே அதன் களம். 'பராசக்தி' (1952) மூலம் தமிழகமெங்கும் அறியப்பட்டுவிட்ட சிவாஜி கணேசன், படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கிறார். எந்தப் பெயரை நம்பி மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினரோ அந்தப் பெயருக்குரியவரே முதலில் இறக்கிறார். பெயரின் காப்புறுதி இங்கு முறிகின்றது. 'சைக்கோ' வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே இது தமிழில் நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பின்வந்தோருள் பாரதிராஜாவின் 'சிவப்பு ரோஜாக்க'ளும் (1978), மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலுமகேந்திராவின் 'மூடுபனி'யும் (1980) குறிப்பிடத்தக்கன. இரண்டுக்கும் இசை இளையராஜா. இவற்றின் சிறப்பு பெயர்களிலிருந்தே தொடங்குகின்றது. காதலின் சின்னமான ரோஜா, புதைக்கப்பட்ட உடல்களின் மேல் மலர்வதாகத் திரிபுறுகின்றது. மூடுபனி என்பது ஒரு பொழுதின் பெயர், மறைத்தலின் பெயருமாகும். முதற்பொருளையும் உள்ளத்தின் நிலையையும் ஒரே சொல்லில் அது அடக்கிவிடுகின்றது. ஒரு படத்தின் பெயரே அதன் முதலாவது தலைப்புக் காட்சி என்பதற்கு இவை சான்று.

இவ்வளவும் கூறிய பின் எழும் வினா ஒன்றுண்டு. அச்சத்தைச் சுவையாகத் துய்க்கும் இக்கலை வன்னியில் வாழும் பார்வையாளருக்கு எதைக் குறிக்கின்றது? போர்க்காலத்தில் மின்சாரமற்ற எங்கள் ஊர்களில் மின்பிறப்பாக்கியை இயக்கியே படம் பார்த்தனர் என்று மூத்தோர் கூறுவர். எரிபொருள் அரிதாயிருந்த அந்நாளில் எழுத்தோட்டம் ஓர் ஆடம்பரமே. ஆயினும் அம்மக்கள் திகிலின் இலக்கணத்தை வேறோரிடத்திற் கற்றிருந்தனர். ஆளில்லா வேவு விமானத்தை அவர்கள் 'வண்டு' என்றழைத்தனர். அதன் இரைச்சல் எதையும் அழிப்பதில்லை. ஆனால் அதன்பின் எது வரக்கூடும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். ஒலி முன்னே, உருவம் பின்னே. வருவது தெரியும், வரும் இடம் தெரியாது. திரைக்கலைஞர் அரிதின் முயன்று அமைக்கும் ஒழுங்கு, அங்கு வாழ்வின் மேல் வானிலிருந்து சுமத்தப்பட்டிருந்தது.

இரண்டுக்குமிடையிலான வேறுபாடு யாது? திகிற்படம் பார்வையாளருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றது. எழுத்தோட்டத்தில் எழுப்பிய வினாவுக்குப் படம் முடிவதற்குள் விடை தருவேன் என்பதே அவ்வுடன்படிக்கை. அவ்வுறுதி இருப்பதனாலேயே அச்சம் சுவையாகின்றது. 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி கிளிநொச்சியிலும், தொடர்ந்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினருக்கு அத்தகைய உடன்படிக்கை எதுவும் வழங்கப்படவில்லை. அவர்கள் ஏந்திய படங்களில் முகமும் பெயரும் இருந்தன. 'என்ன நடந்தது' என்ற வினாவுக்கு விடை இருக்கவில்லை. விடையற்ற அச்சம் சுவையாவதில்லை; துயராகவே எஞ்சுகின்றது.

இதனால் திகிற்படம் எமக்கு ஆகாதது என்று கொள்ளலாகாது. விடை கிடைக்கும் ஓருலகைக் கற்பனையிலேனும் காண்பதற்கான வேட்கை, விடை கிடைக்காத இடத்திலேயே மிகுதியாக இருக்கும். ஆனால் அவ்வேட்கையைக் கையாள்வோருக்குப் பொறுப்பு உண்டு. இன்று கைபேசியும் சிறு கருவிகளும் கொண்டு குறும்படம் ஆக்க முனையும் எம்மிளைஞர் பலர், பிறநாட்டுப் படங்களின் எழுத்துருக்களையும் இருண்ட வர்ணங்களையும் இடியோசையையும் அப்படியே பெயர்த்து வைக்கின்றனர். இது அலங்காரமேயன்றி அச்சமன்று. சோல் பாஸின் கோடுகள் அவரது கதையிலிருந்து பிறந்தன. கூப்பரின் கீறல்கள் அக்கொலைகாரனின் கையிலிருந்து பிறந்தன. எமது கதைக்குரிய முதற்பொருளும் இங்கேயே உண்டு: பாலைமரக் காட்டின் மாலைப்பொழுது, நீர்வற்றிய குளத்தின் கட்டு, ஆளற்ற வளவில் நிற்கும் கிணறு. இவற்றைக் காட்ட இடியோசை வேண்டியதில்லை.

விமரிசகர்க்கும் ஒரு கடமை உண்டு. இணையத் திரைத் தளங்கள் தொடர்களின் தொடக்கத்தைத் தாவிச் செல்ல ஒரு பொத்தானையே அமைத்துக் கொடுத்துள்ளன. தொலைக்காட்சிகளும் பல வேளைகளில் எழுத்தோட்டத்தை வெட்டியே படங்களை ஒளிபரப்புகின்றன. இழக்கப்படுவது சில நிமிடக் காட்சி மட்டுமன்று. ஒளியமைத்தவர், ஒலி சேர்த்தவர், படத்தைத் தொகுத்தவர் ஆகியோரின் பெயர்கள் படத்தில் இடம்பெறும் ஒரே இடமும் பெரும்பாலும் அதுவே. எழுத்தோட்டத்தைப் படத்தின் முதலாவது காட்சியாகக் கொண்டு வாசிக்கும் பழக்கம் எமது விமரிசனத்தில் வேரூன்றுமாயின், கலைநுட்பத்துடன் அக்கலையை ஆக்கிய உழைப்பும் எமது கண்ணுக்குப் புலனாகும்.