கௌரி பட்டம்: ஒருபக்கச் சாட்சியத்தில் நிற்கும் வரலாறு

ஸ்காட்லாந்தின் கௌரி ஏர்ல் பட்டம் 1581இல் பிறந்து 1600இல் மடிந்தது. அதைத் தாங்கியவர்கள் மூவர். அவர்களின் கதையில் பெரும்பகுதி, பட்டத்தைக் கொடுத்துப் பின் பறித்த மன்னர் ஆறாம் ஜேம்ஸின் தரப்பிலிருந்தே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆய்வாளர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

முதல் ஏர்ல் வில்லியம் ரூத்வென், அரசின் கருவூலத்தை நிர்வகித்தவர். மன்னரிடம் லெனாக்ஸ் கோமகன் எஸ்மே ஸ்டூவர்ட் பெற்றிருந்த செல்வாக்கை முறியடிக்க, 1582 ஆகஸ்டில் வேறு சில பிரபுக்களோடு சேர்ந்து பதினாறு வயது மன்னரைப் பெர்த் அருகே தம் கோட்டையில் சிறைப்பிடித்தார். அடுத்த ஜூனில் மன்னர் தப்பினார். 1584 மே மாதம் ஸ்டர்லிங்கில் வில்லியமின் தலை வெட்டப்பட்டது, பட்டமும் பறிபோனது. 1586இல் அது மூத்த மகன் ஜேம்ஸுக்குத் திரும்பியது. 1588இல் அவரும் இறக்க, தம்பி ஜான் மூன்றாம் ஏர்ல் ஆனார்.

ஜான் இத்தாலியின் பதுவாவில் பயின்றவர். 1600 மே மாதம் நாடு திரும்பினார். ஆகஸ்ட் 5 அன்று, ஃபாக்லாந்தில் வேட்டைக்குப் புறப்பட்ட மன்னரை ஜானின் தம்பி அலெக்சாண்டர் சந்தித்து, பொற்காசுப் பானையோடு ஒருவன் பிடிபட்டிருப்பதாகச் சொல்லிப் பெர்த்துக்கு அழைத்தார் என்பது அரசத் தரப்பின் கூற்று. அங்கே ரூத்வென்களின் கௌரி மாளிகையில் விருந்து முடிந்து மன்னரும் அலெக்சாண்டரும் மாடிக்குச் சென்றனர். சிறிது நேரத்தில் மன்னர் சன்னல் வழியே அபயக்குரல் எழுப்பினார். ஓடிவந்த மன்னரின் பணியாளர் ஜான் ராம்சே அலெக்சாண்டரைக் குத்தினார். ஏர்லும் அங்கேயே கொல்லப்பட்டார். மாடியறையில் நடந்ததைச் சொல்ல மிஞ்சியவர்கள் மன்னரும், அங்கே கவசத்துடன் நிறுத்தப்பட்டிருந்ததாகச் சொன்ன ஆண்ட்ரூ ஹென்டர்சனும் மட்டுமே.

நவம்பரில் சகோதரர்களின் சடலங்களையே நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து விசாரித்தார்கள். பட்டம் ஒழிந்தது, ரூத்வென் என்ற குடிப்பெயருக்கே தடை வந்தது, அவர்களின் கோட்டை ஹன்டிங்டவர் ஆனது. சகோதரர்கள் தமக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்ற மன்னரின் விளக்கத்தை முழுமையாக ஏற்க மறுத்த எடின்பரோ போதகர் ராபர்ட் புரூஸ் நாடுகடத்தப்பட்டார்.

இந்தச் சாட்சியங்களை மறுபடி எடைபோட்டவர்களில் முக்கியமானவர் ஆண்ட்ரூ லாங். 1902இல் வெளிவந்த அவரது நூல், சதிக்கு ஆதாரமாக, ராபர்ட் லோகன் என்பவர் எழுதியவை என்று 1609இல் காட்டப்பட்ட கடிதங்கள் ஜார்ஜ் ஸ்ப்ராட் என்பவரின் கைப்பட எழுதப்பட்டவை என்று காட்டியது. ஆயினும் மன்னரைக் குற்றவாளியாக்க லாங் முனையவில்லை. சதி ரூத்வென்களுடையதே என்றார். பொய்யான ஆவணம் ஒன்றைத் தள்ளிவிட்டதாலேயே எதிர்த்தரப்பு மெய்யாகிவிடாது என்பதற்கு அவரது நிதானம் நல்ல சான்று.

ரூத்வென் பெயர் மீதான தடை 1641இல் நீங்கியது. 1945இல் அலெக்சாண்டர் ஹோர்-ரூத்வென் கௌரி ஏர்ல் ஆனது, புதிதாகப் படைக்கப்பட்ட பட்டத்தால், பழையது உயிர்பெறவில்லை. நாடாளுமன்றம் 1600இல் வழங்கிய தீர்ப்பு, கொல்லப்பட்டவர்களின் வாக்குமூலம் இல்லாமல் எழுதப்பட்டது. அதைச் சான்றுகளில் ஒன்றாக வாசிக்கலாம், முடிவாக ஏற்கலாகாது.