வந்திக் கிழவியின் பங்கு: குடிமராமத்து தன்னார்வமா, கட்டாயமா?

ஏரி, குளம் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். "அந்தக் காலத்துல ஊர் ஜனங்களே ஒண்ணு கூடி ஏரியைத் தூர்வாருவாங்க. அதுக்குப் பேருதான் குடிமராமத்து. வெள்ளைக்காரன் வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டான்." கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. மறுபாதியைப் பேசாமல் விடுவதால்தான், இன்றைய தன்னார்வப் பணியைப் பற்றிய நம் யோசனையும் கோணலாகிப் போகிறது என்று நினைக்கிறேன். இந்தக் குறிப்பு அந்த மறுபாதியைப் பற்றியது.

முதலில் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஊர் கூடிக் கரை அடைத்த கதைகளில் நமக்கு மிகவும் பழக்கமானது திருவிளையாடற் புராணத்தின் பிட்டுக்கு மண் சுமந்த படலம். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் வருடா வருடம் நடத்திக் காட்டுகிறார்கள். பரஞ்சோதி முனிவர் சொல்லும் கதையை, பக்தியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நிர்வாக ஆவணம் மாதிரி வாசித்துப் பாருங்கள். வைகையில் வெள்ளம். பாண்டியன் உத்தரவு போடுகிறான். கரையை அளந்து ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது. வயசானவள், பிள்ளைகுட்டி கிடையாது, அனுப்ப ஆள் கிடையாது. இருந்தாலும் விலக்கு இல்லை. அதனால்தான் கடவுளே கூலியாளாக வரவேண்டியிருக்கிறது. வந்தவரோ உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு, ஆடிப் பாடித் தூங்கிவிடுகிறார். பங்கு அடைபடவில்லை. பிரம்படி விழுகிறது. அது எல்லார் முதுகிலும் விழுகிறது.

இதில் தன்னார்வம் எங்கே இருக்கிறது? அளந்த பங்கு இருக்கிறது, கண்காணிப்பு இருக்கிறது, தண்டனை இருக்கிறது. சமம் இல்லாத ஆட்களுக்குச் சமமாகப் பங்கு பிரித்தால் சுமை யார் தலையில் போய் நிற்கும் என்பது கதை சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. அது மறந்துபோனது நமக்குத்தான்.

நம் சொற்களுக்கும் இது தெரியும். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியில்லாமல் செய்து கொடுக்கவேண்டிய உழைப்பு, ஒரு வகை வரி. இன்றைக்கு 'வெட்டி வேலை', 'வெட்டிப் பேச்சு' என்றால் உபயோகமில்லாதது. திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்றால் கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலை. இதற்கு நேர் எதிரே 'தொண்டு' நிற்கிறது. கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கிய அப்பருக்கு யாரும் பங்கு அளந்து கொடுக்கவில்லை. அவர் போகாவிட்டாலும் பிரம்படி கிடையாது. வெட்டியும் தொண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான், இரண்டிலும் காசு கைமாறுவதில்லை. முடியாது என்று சொல்லும் உரிமை இருக்கிறதா என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, குடிமராமத்துக்கு வருவோம். 'மராமத்து' அரபி-பாரசீக வழியாக வந்த சொல். ஆகவே இந்தப் பெயரைச் சங்க காலத்துக்குக் கொண்டுபோக முடியாது. வேலை பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய வேலை இலவசமாக நடந்ததா? ஏரியைப் பராமரிப்பதற்கென்றே 'ஏரிப்பட்டி' என்று நிலம் ஒதுக்கியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. மடை திறந்து மூடும் நீர்க்கட்டிக்கு அறுவடைக் களத்திலேயே நெல் அளந்தார்கள். அதாவது ஏரிக்கு வருமானம் இருந்தது, ஆளுக்குப் பங்கு இருந்தது. ஊராரின் நல்ல மனசு மட்டும் ஏரியைக் காப்பாற்றவில்லை.

யார் முடிவெடுத்தார்கள்? உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்த பெருமை நியாயமானதே. ஆனால் குடத்தில் பெயர் விழவேண்டுமானால் வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்கவேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்கவேண்டும். நன்றாகப் படித்தவருக்கு நில அளவில் கொஞ்சம் சலுகை உண்டு. மண் சுமந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தகுதி இருந்திருக்கும்? அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது: முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி வரமுடியாது. நாம் நகல் எடுக்கவேண்டியது இந்த வரியைத்தான்.

அடுத்து 1858. சென்னை மாகாணத்துக்கான கட்டாய உழைப்புச் சட்டம் அந்த வருஷத்தின் முதல் சட்டம். இரண்டு காரியம் செய்கிறது. ஏரியோ ஆறோ உடையப் போகிறது என்றால், பக்கத்து ஊர்களில் உள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை அழைக்கலாம், கூலி உண்டு. இரண்டாவது, வழக்கப்படி ஊர் சேர்ந்து செய்யவேண்டிய பாசன வேலைக்கு வராதவரிடமிருந்து அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம். 'வெள்ளைக்காரன் குடிமராமத்தை அழித்தான்' என்பதைவிட, 'ஊர் வழக்கம்' என்று தானே ஒன்றை எழுதி வைத்து, செலவை ஊர் தலையில் கட்டப் பார்த்தான் என்பதே பொருத்தம். ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் ஆய்வு செய்த டேவிட் மோஸ் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' (2003) நூலில் இதை விரிவாக வாதிடுகிறார். ஏரி நிர்வாகம் அரசு, சாதி, கோயில் மரியாதை எல்லாவற்றோடும் பின்னிக் கிடந்தது என்கிறார் அவர். நீர்க்கட்டி வேலை பெரும்பாலும் தலித் மக்களிடம் இருந்தது. அது பிழைப்பும்தான், தாழ்த்தி வைத்ததன் அடையாளமும்தான்.

இந்தப் பின்னணியோடு 2017-ஐப் பாருங்கள். தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் திட்டம் தொடங்கியது, மணிமங்கலம் ஏரியில் தொடக்க விழா. விவசாயிகள் பங்களிப்பு 10 சதவீதம், பணமாகவோ உழைப்பாகவோ. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சங்கம் என்றால் ஆயக்கட்டுதாரர் சங்கம், ஆயக்கட்டுதாரர் என்றால் பட்டா வைத்திருப்பவர். ஏரியில் மாடு குளிப்பாட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர், நிலமில்லாத கூலியாள், பட்டாவில் பெயரில்லாத பெண்கள் எல்லாம் எங்கே? கால் வேலி நிலம் கேட்ட விதி ஆயிரம் வருஷம் கழித்து வேறு உடுப்பில் வந்து நிற்கிறது. நூறு நாள் வேலையில் அதே ஏரியில் மண் வெட்டும் பெண்களை நாம் தன்னார்வலர் என்று சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை டி-சர்ட் போட்டுக்கொண்டு வருகிறவரைச் சொல்கிறோம். ஏரியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார் என்று கேட்டால் பதில் வேறு.

அப்படியானால் தன்னார்வமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 2015 வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு பேராவூரணிப் பக்கம் இளைஞர்கள் பெரியகுளத்தைத் தூர்வார இறங்கினார்கள். இவற்றின் மதிப்பை மிச்சமான கூலிக் கணக்கில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பொக்லைன் ஒரு நாளில் அதைவிட அதிகம் அள்ளிவிடும். கரையில் நின்றவனுக்கு மதகு எங்கே ஒழுகுகிறது, வரத்துக் கால்வாயை எந்த இடத்தில் யார் அடைத்திருக்கிறார்கள் என்பது தெரியவருகிறது. தெரிந்தவன் கேள்வி கேட்பான். ஊருக்கு மிஞ்சுகிற லாபம் அந்தக் கேள்விதான்.

அதே 2015-இல், வெள்ளம் வடிந்ததும் குப்பை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டி வண்டியாக அழைத்து வந்தார்கள். மறுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை. அந்த வேலையை 'சேவை' என்று பாராட்டி முடித்துக்கொண்டால், அதற்கு வெட்டி என்ற பழைய பெயர்தான் பொருந்தும்.

அதனால் ஏரித் தூய்மைக்கு யாராவது அழைத்தால் மூன்று விஷயம் பார்க்கச் சொல்வேன். வராதவர் பெயரை யாராவது குறித்து வைக்கிறார்களா? கூலி கொடுத்துச் செய்யவேண்டிய வேலையை இலவசமாக்கி, இன்னொருவர் பிழைப்பில் கை வைக்கிறோமா? வேலை முடிந்தபின் கணக்குக் கேட்கவும், அடுத்த முடிவில் உட்காரவும் மண் சுமந்த எல்லோருக்கும் இடம் உண்டா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். இல்லையென்றால், அந்தக் கரையில் எங்கோ ஒரு வந்தியின் பங்கு அடைபடாமல் கிடக்கிறது என்று அர்த்தம்.